யார் பெயரில் இந்த நூல்?

ஊசிப் பின்னல் பற்றி ஆங்கிலத்தில் வெளிவரும் கையேடுகளில், சேர்ந்துபோன கம்பளி நூலை ஒழுங்கு செய்வது குறித்த ஒரு பகுதியை அடிக்கடி பார்க்கலாம். அதன் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டின் மூலைமுடுக்கில் இருக்கும் நூலையெல்லாம் ஓரிடத்தில் கொட்டு. கனம், நிறம், இழை என்று பிரி. உள்ளே இருப்பது தெரியும் பெட்டிகளில் அடுக்கு. மேலே சீட்டு ஒட்டு. நெடுநாளாகத் தொடாததைக் கொடுத்துவிடு. இருப்பது தீரும்வரை இனி வாங்குவதில்லை என்று உறுதி எடு. பகுதி முழுவதும் ஏவல் வினைகள். ஏவப்படுபவள் பெண் என்பதை அந்தப் பக்கங்கள் சொல்வதில்லை. சொல்லவேண்டிய தேவை இருப்பதாகவும் நினைப்பதில்லை.

நான் ஆறு குளிர்காலங்களை டொராண்டோவில் கழித்தவள். பின்னல் கற்றதும் இந்த வகைப் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கியதும் அங்கேதான். இப்போது குன்னூரில் வசிக்கிறேன். அலமாரியில் இரண்டு தட்டு நிறைய நூல் இருக்கிறது. அதைக் குறைக்க உட்கார்ந்தபோது அந்தப் புத்தகங்களை மறுபடி எடுத்து வாசித்தேன். அவை எதைப் பார்க்கின்றன, எதைப் பார்க்காமல் தாண்டிப்போகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் பெயர். பின்னுகிற பெண் சேர்த்துவைத்திருக்கும் நூலை ஆங்கிலத்தில் 'ஸ்டாஷ்' என்கிறார்கள். வெறும் கையிருப்புக்கு அந்த மொழியில் வேறு சொற்கள் உண்டு. ஸ்டாஷ் என்பது ஒளித்துவைத்த கையிருப்பு. பணத்துக்கும் மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் பயன்படும் சொல். ஒரு கைத்தொழிலின் மூலப்பொருளுக்கு இப்படி ஒரு பெயர் வந்திருக்கிறது என்றால், அந்தப் பெயரிலேயே ஒரு குற்ற உணர்வு கூடவே வந்து உட்கார்ந்திருக்கிறது.

உண்மையில் நூல் மிஞ்சுவது இந்தத் தொழிலின் இயல்பு. ஒரே நிற எண் கொண்ட நூலாக இருந்தாலும் வேறொரு தடவை சாயத்தில் தோய்த்ததாக இருந்தால் சாயல் மாறிவிடும். நூல்கண்டின் சீட்டில் சாயத் தொகுதி எண்ணைத் தனியாக அச்சிடுவது அதனால்தான். ஸ்வெட்டரின் கடைசிக் கைக்கு நூல் போதாமல் இரண்டு மாதம் கழித்து வாங்கினால், அந்தக் கை மட்டும் வேறு நிறமாகத் தெரியும். ஆகவே ஒரு கண்டு கூடுதலாக வாங்குவது அனுபவசாலியின் வழக்கம். ஆலைகள் நிறங்களைத் திடீரென்று நிறுத்திவிடுவதும் உண்டு. ஒவ்வொரு வேலை முடிந்ததும் 20 கிராம், 30 கிராம் என்று மிச்சம் விழும். தையற்காரரிடம் வெட்டுத்துணி இருக்கிறது. தச்சரிடம் துண்டுப்பலகை இருக்கிறது. அவற்றை அவர்களுடைய நோய் என்று யாரும் சொல்வதில்லை.

தமிழில் 'நூல்' என்ற சொல் இழைக்கும் புத்தகத்துக்கும் பொது. இந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டு ஓர் ஒப்பீடு செய்து பார்க்கலாம். வால்டர் பெஞ்சமின் 1931இல் தன் புத்தகப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சேகரிப்பாளனின் மனம், வாங்கிய நகரங்களின் நினைவு, ஏலத்தில் கிடைத்த பிரதி, படிக்காமலே வைத்திருக்கும் புத்தகங்கள் என்று விரியும் எழுத்து அது. வைத்திருக்கும் புத்தகங்களையெல்லாம் படித்தாயிற்றா என்ற கேள்விக்கு, பத்தில் ஒரு பங்குகூடப் படிக்கவில்லை என்று அனதோல் பிரான்ஸ் சொன்ன பதிலை பெஞ்சமின் அதில் பெருமிதத்தோடுதான் எடுத்து வைக்கிறார். அந்தக் கட்டுரையை நாம் இலக்கியக் கோட்பாடாகப் படிக்கிறோம். ஒரு பெண் தன் கம்பளிப் பெட்டியைப் பிரித்து அடுக்குவதைப் பற்றி எழுதினால் அது வீட்டுக்குறிப்பு. அவள் வைத்திருக்கும் நூலிலும் வாங்கிய ஊரின் நினைவு இருக்கிறது, இன்னும் தொடாத இழை இருக்கிறது. ஆனால் படிக்காத புத்தகம் அறிவின் மீதான ஆசைக்கு அடையாளம் ஆகிறது. பின்னாத நூல் கட்டுப்பாடின்மைக்கு அடையாளம் ஆகிறது.

இந்தப் பாகுபாடு மாரி கோண்டோவின் புகழ்பெற்ற முறையிலும் இருக்கிறது. 2014இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய புத்தகம் பொருள்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறது: உடை, புத்தகம், காகிதம், 'கொமோனோ' என்ற சில்லறைச் சாமான், கடைசியாக நினைவுப்பொருள். புத்தகத்துக்குத் தனி வகை இருக்கிறது. பின்னல் நூல் போய்ச் சேருவது சில்லறைச் சாமானில். 2019 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் அவருடைய தொடர் வெளியானபோது, புத்தகங்களைக் குறைக்கச் சொல்கிறாரே என்று எழுத்தாளர்களும் வாசகர்களும் கொதித்தெழுந்தார்கள். வீட்டில் புத்தகம் நிறைந்திருப்பதன் அறம் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்தன. கைவேலைச் சாமானுக்காக அப்படி ஒரு கொதிப்பு என் கண்ணில் படவில்லை. பின்னுகிறவர்களே அந்த முறையைத் தங்கள் பெட்டிகள்மேல் ஏற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு கண்டாகக் கையில் எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுக்கொண்டார்கள். கம்பளியைப் பொறுத்தவரை அது விசித்திரமான கேள்வி. நல்ல மெரினோ கையில் பட்டாலே மகிழ்ச்சி தரும். அதற்காகத்தானே வாங்கினாள்.

கோண்டோ பாணிக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு எழுத்து மரபு இருக்கிறது. குவியலைக் கேலியால் தாங்கிப் பிடிப்பது அது. அதன் முதன்மைக் குரல் கனடாவின் ஸ்டெஃபனி பேர்ல்-மெக்ஃபீ. 'யார்ன் ஹார்லட்' என்ற பெயரில் எழுதுபவர். நுட்பமான பின்னல்காரர், நல்ல நகைச்சுவையாளர், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்காகப் பின்னுகிறவர்களிடமிருந்து பத்து லட்சம் டாலருக்கும் மேல் திரட்டித் தந்தவர். அவருடைய எழுத்தை நான் விரும்பிப் படிக்கிறவள். ஆனாலும் 2005இல் வந்த 'அட் நிட்ஸ் எண்ட்' புத்தகத்தின் துணைத்தலைப்பைக் கவனிக்கவேண்டும்: அளவுக்கு மீறிப் பின்னும் பெண்களுக்கான தியானங்கள். எண்பதுகளில் மிகப் பரவலாக விற்ற, அளவுக்கு மீறிக் காதலிக்கும் பெண்கள் பற்றிய ஓர் உளவியல் புத்தகத்தின் தலைப்பு இதில் எதிரொலிக்கிறது. கேலிதான். ஆனால் கேலி எடுத்துக்கொண்ட சட்டகம் நோயின் சட்டகம். பெண் எதைச் செய்தாலும் அதில் 'அளவு' என்று ஒன்று இருக்கிறது, அதை அவள் மீறிவிட்டாள் என்ற குற்றச்சாட்டை ஏற்றுக்கொண்ட பிறகுதான் சிரிப்பு தொடங்குகிறது.

பின்னுகிறவர்களிடையே உலவும் இன்னொரு கேலி, 'சேபிள்'. ஆயுளுக்குள் பின்னி முடிக்க இயலாத அளவுக்கு நூல் சேர்த்துவிட்ட நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை அது. சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் விட்டுப்போகும் விஷயம் ஒன்று உண்டு. ஆயுள் முடிந்த பிறகு அந்த அலமாரியைக் காலி செய்யப்போவது யார்? பெரும்பாலும் மகள், மருமகள், தங்கை. மகன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவான். பெண் சேர்த்ததைப் பெண்ணே பிரித்து, பெண்ணே கட்டி, பெண்ணே கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கூலி இல்லாத அந்த வேலைக்கும் இந்தப் புத்தகங்களில் ஒரு பத்திகூட இல்லை.

மூன்றாவது வகைக் கேலிதான் மிகப் பழையது: வாங்கிய நூலைக் கணவன் கண்ணில் படாமல் எப்படி வீட்டுக்குள் கொண்டுவருவது. காரின் பின்பெட்டியில் விட்டுவைத்து அவன் தூங்கியதும் எடுத்துவருவது. கேட்டால், "இதுவா? இது எப்போதோ வாங்கியது" என்பது. சம்பாதிக்கிற பெண்களும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கணவனின் தூண்டில்களுக்கும் கிரிக்கெட் மட்டைகளுக்கும் கேமரா லென்சுகளுக்கும் இப்படி ஓர் ஒளிவுமறைவு இலக்கியம் வளரவில்லை.

இங்கேதான் தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் உதவுகின்றன. ஒன்று பதுக்கல். அரிசியையும் சர்க்கரையையும் மறைத்துவைத்துப் பிறரைத் தவிக்கவிடும் வியாபாரிக்கான சொல். இன்னொன்று சிறுவாடு. வீட்டுச் செலவுப் பணத்தில் பிடித்தம் செய்து, அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப்பெட்டியின் அடியிலும் புடவை மடிப்பிலும் பெண் சேர்த்துவைக்கும் தொகை. இரண்டும் மறைவுதான். ஆனால் பதுக்கல் அதிகாரம் உள்ளவனின் மறைவு. சிறுவாடு அதிகாரம் இல்லாதவளின் மறைவு. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது இந்த வேறுபாட்டை நாடே பார்த்தது. எத்தனையோ வீடுகளில் பெண்கள் தங்கள் சிறுவாட்டைக் கணவன் கையில் எடுத்துக் கொடுக்க நேர்ந்தது. அதை வைத்து நகைச்சுவைத் துணுக்குகள் ஓடின. அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்த ஒரே இருப்பு வெளிச்சத்துக்கு வந்து பொதுச்சொத்தாகிப் போனது சிரிப்புக்குரிய விஷயமாயிற்று.

கம்பளிக் குவியலைப் பதுக்கல் என்று வாசிக்கின்றன குறைக்கச் சொல்லும் புத்தகங்கள். நான் அதைச் சிறுவாட்டின் பக்கம் வைத்து வாசிக்க விரும்புகிறேன். அதில் சேமிக்கப்பட்டிருப்பது பணத்தைவிட நேரம். வரும் குளிர்காலத்தில், குழந்தைகளின் தேர்வு முடிந்தபின், ஓய்வு பெற்றபின், என்றோ ஒருநாள் எனக்கென்று இரண்டு மணிநேரம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு அவள் கட்டும் முன்பணம் அந்தச் சிட்டம்.

ஆனால் இந்த ஒப்பீட்டை ஓர் எல்லைக்கு மேல் இழுக்க முடியாது. சிறுவாடு ஆபத்துக்கு உதவும். மருத்துவச் செலவுக்கு ஆகும், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும், ஒரு கிராம் தங்கமாக மாறும். நூலுக்கு அந்தக் குணம் கிடையாது. கடையை விட்டு வெளியே வந்ததுமே அதன் விலை இறங்கிவிடும். சீட்டுக் கிழிந்தால் இன்னும் இறங்கும். அந்துப்பூச்சியின் புழு நுழைந்தால் விலையே கிடையாது. கம்பளி, அல்பாக்கா போன்ற மயிரிழைகள்தான் அதன் உணவு. ஆக, பெண்ணின் சிறுவாட்டைச் சந்தை வாங்கிக்கொண்டு கம்பளியைக் கொடுத்திருக்கிறது. அவளுக்கு நேரம் இல்லாததைத் தெரிந்துகொண்டு, நேரத்தின் வடிவத்தில் பொருளை விற்றிருக்கிறது. மாதச் சந்தா கட்டினால் கைச்சாயம் தோய்த்த சிட்டம் தபாலில் வரும் ஏற்பாடுகூட அங்கே உண்டு. பின்ன நேரம் இருக்கிறதா என்று அந்தப் பொட்டலம் கேட்பதில்லை.

குவியலைப் பெண்ணியத்தின் பெயரால் காப்பாற்றவும் ஒரு மரபு இருக்கிறது. 1978இல் அமெரிக்கப் பெண்ணியக் கலை இதழான 'ஹெரசீஸ்'ஸில் மெலிசா மேயரும் மிரியம் ஷாப்பிரோவும் சேர்ந்து எழுதிய கட்டுரை அதன் அடிக்கல். பெண்கள் காலங்காலமாக மிச்சத்தைச் சேர்த்து, ஒட்டி, தைத்துச் செய்த படைப்புகளுக்கு அவர்கள் 'ஃபெம்மாஜ்' என்று பெயரிட்டார்கள். ஆண் ஓவியர்கள் இருபதாம் நூற்றாண்டில் 'கண்டுபிடித்த' கொலாஜை அடுக்களைப் பெண்கள் எப்போதோ செய்துகொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் வாதம். ஒரு படைப்பு ஃபெம்மாஜ்தானா என்று தீர்மானிக்க 14 அளவுகோல்களைத் தந்தார்கள். சேமிப்பதும் சேகரிப்பதும் அந்த வேலையின் முக்கியமான அங்கம் என்பது அவற்றில் ஒன்று. துண்டுதுணுக்குகள் படைப்பில் மறுபடி பயன்படவேண்டும் என்பது இன்னொன்று. 1984இல் வந்த ரோசிக்கா பார்க்கரின் 'தி சப்வெர்சிவ் ஸ்டிட்ச்', எம்பிராய்டரி எப்படிப் பெண்மையைப் பயிற்றுவித்தது, அதே வேளையில் அந்தப் பயிற்சியை மீறவும் எப்படிக் கருவியாயிற்று என்று இரண்டு பக்கமும் காட்டியது. 2003இல் டெபி ஸ்டோலரின் 'ஸ்டிட்ச் அன் பிட்ச்' இளம்பெண்களை மறுபடி ஊசி எடுக்கவைத்தது. பின்னலைக் கீழாகப் பார்ப்பது பெண் உழைப்பைக் கீழாகப் பார்ப்பதுதான் என்று வாதிட்டது.

இவர்களுக்கு நான் கடன்பட்டவள். ஆனால் என் அலமாரியை இவர்களுடைய பெயரால் நியாயப்படுத்தமாட்டேன். மேயரும் ஷாப்பிரோவும் பேசியது கிழிந்த சட்டையிலிருந்தும் தீர்ந்துபோன துணியிலிருந்தும் மிஞ்சியதைப் பற்றி. பஞ்சத்தில் பிறந்த சேமிப்பு அது. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் 1941இல் ஆடைக்குப் பங்கீடு வந்தது. பின்னல் நூலும் கூப்பன் கணக்கில் சேர்ந்தது. பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி, அலசி, சுருக்கம் நீக்கி மறுபடி பின்னுவது வீட்டுப் பெண்ணின் தேசக் கடமையாகப் பேசப்பட்டது. அரசு சிறுநூல் போட்டுச் சொல்லிக்கொடுத்தது. அன்று ஒரு பெண்ணின் அலமாரியில் நாலு கண்டு நூல் இருந்தால் அவள் கெட்டிக்காரி. கடைகள் நிறைந்தபின் நாற்பது கண்டு இருந்தால் அவள் அடக்கம் இல்லாதவள். இரண்டு காலத்திலும் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள் வெளியே இருக்கிறார்கள். இன்றைய குவியலின் பெரும்பகுதி மிச்சம் கிடையாது, புதிதாக வாங்கியது. அதை ஃபெம்மாஜ் என்று சொன்னால், சந்தாப் பொட்டலத்தைப் பாட்டியின் ஒட்டுப்போர்வையோடு சேர்த்துக் கட்டுவதாகும்.

அப்படியானால் குறைக்க வேண்டுமா, வேண்டாமா? குறைக்கலாம். ஆனால் கணக்கை எங்கே தொடங்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கையேடுகள் அலமாரியின் இடத்திலிருந்து தொடங்குகின்றன. நான் மணிநேரத்திலிருந்து தொடங்கினேன்.

சமையலறைத் தராசில் நிறுத்தபோது என்னிடம் 11 கிலோ நூல் இருந்தது. காலுறைக்கான மெல்லிய நூல் 4 கிலோ, ஸ்வெட்டருக்கும் போர்வைக்குமான தடித்த நூல் 7 கிலோ. மெல்லிய நூலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 மீட்டர் இருக்கும். அதில் ஒரு ஜோடிக் காலுறை வரும். என் கைவேகத்துக்கு 20 மணிநேரம். தடித்த நூல் 100 கிராமுக்கு 9 மணிநேரம். மெல்லியதற்கு 800 மணி, தடித்ததற்கு 630 மணி, ஆகமொத்தம் 1,430 மணிநேரம். வாரத்துக்கு எனக்குக் கிடைப்பது நான்கு மணிநேரம், அதுவும் துண்டுதுண்டாக. இந்தக் கணக்கில் இருப்பது தீர ஏழு ஆண்டு ஆகும். தினம் ஒரு மணிநேரம் கிடைத்தால் நான்கு ஆண்டு. தினம் இரண்டு மணிநேரம் கிடைத்தால் இரண்டே ஆண்டு.

இப்போது கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம். நூல் அதிகமா, நேரம் குறைவா? ஆர்லி ஹாக்சைல்ட் 1989இல் எழுதிய 'தி செகண்ட் ஷிஃப்ட்' புத்தகத்தில், அமெரிக்காவில் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வுகளைக் கொண்டு ஒரு கணக்குச் சொன்னார். கூலி வேலையையும் வீட்டுவேலையையும் சேர்த்தால், பெண்கள் ஆண்களைவிட வாரத்துக்கு ஏறத்தாழ 15 மணிநேரம் கூடுதலாக உழைக்கிறார்கள். வருடத்துக்கு அது 24 மணிநேர நாள்களாலான ஒரு முழு மாதம். அந்த 15 மணிநேரத்தில் பாதி திரும்பக் கிடைத்தாலே என் அலமாரி நான்கு ஆண்டில் தானாகக் காலியாகும். அலமாரியைக் குறைக்கச் சொல்லும் எந்தப் புத்தகமும் வீட்டு வேலையைப் பங்குபோடச் சொல்லவில்லை. பெட்டி வாங்கச் சொல்கிறது. கோண்டோவே, மூன்றாவது குழந்தை பிறந்தபின் வீட்டை முன்போல ஒழுங்காக வைக்க முடியவில்லை, அதை ஓரளவு கைவிட்டுவிட்டேன் என்று 2023இல் சொன்னார். அதைச் செய்தித்தாள்கள் ஒரு வேடிக்கையாக வெளியிட்டன. எனக்கு அது அவர் சொன்னவற்றிலேயே மிக முக்கியமான வாக்கியமாகப் படுகிறது. நேரம் எங்கே போகிறது என்பதை அவர் அங்கே சொல்லிவிட்டார்.

நேரக் கணக்குக்குப் பிறகு நூலைப் பிரித்தேன். நிறம், கனம், இழை என்ற மூன்றையும் விட்டுவிட்டு, யார் பெயரில் வாங்கியது என்று பிரித்தேன். கணவருக்கு ஸ்வெட்டர், மாமியாருக்குச் சால்வை, நாத்தனார் பிள்ளைகளுக்குக் குல்லாய், அலுவலகத்தில் பிரசவ விடுப்பில் போனவருக்குக் குழந்தைப் போர்வை என்று பிறர் பெயரில் வாங்கியது 4.8 கிலோ. எனக்கென்று வாங்கியது 3.9 கிலோ. யார் பெயரும் இல்லாத மிச்சம் 2.3 கிலோ.

நூல் சேர்ப்பதைப் பெண்ணின் ஆசை என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். கேலி செய்கிறவர்களும் கண்டிக்கிறவர்களும் அதில் ஒரே கட்சி. பெயர் போட்டுப் பிரித்தால் பாதிக்குக் கொஞ்சம் குறைவு கடமை என்று தெரிகிறது. பின்னத் தெரிந்தவள் என்பதற்காகவே வந்து சேர்ந்த கடமை. அந்தச் சால்வையை யாரும் கேட்கவில்லை; ஆனால் கொடுக்காமல் இருந்தால் அது குறையாகும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த வகையில் மனதாரப் பின்ன நினைப்பது எது என்று பார்த்தபோது 1.3 கிலோ தேறியது. மீதி 3.5 கிலோவை விட்டுவிட்டேன். மிச்சத்தில் 1.2 கிலோவை விட்டேன். எனக்கென்று வாங்கிய 3.9 கிலோவிலிருந்து ஒரு கண்டுகூடக் குறைக்கவில்லை. கையேடுகளின் அளவுகோலில் என் வேலை தலைகீழ். அவை முதலில் வெட்டச் சொல்வது ஆடம்பரத்தை, அதாவது நமக்கென்று வாங்கியதை.

விட்டது எங்கே போகிறது என்பதும் குறைப்பின் ஒரு பகுதி. 'தேவைப்படுகிறவருக்குக் கொடு' என்ற ஒரு வரியோடு புத்தகங்கள் முடித்துக்கொள்கின்றன. அக்கம்பக்கத்தில் பின்னத் தெரிந்த மூன்று பெண்களைக் கூப்பிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒருவர் இரண்டு சிட்டத்தோடு நிறுத்திக்கொண்டார், தனக்கு நேரமில்லை என்றார். அந்த மறுப்புக்கு இடம் இல்லாத தானம், குவியலை இன்னொரு பெண்ணின் தலையில் ஏற்றுவதுதான்.

மேற்கு நாடுகளின் வீடுகள் கழிக்கும் கம்பளியில் பெரும் பங்கு இன்னும் தொலைதூரம் போகிறது. நூல்கண்டாக இல்லை, உடுத்திக் கழித்த ஸ்வெட்டராகவும் கோட்டாகவும் ஹரியானாவின் பானிப்பட்டுக்கு வந்து சேருகிறது. மேக்னா குப்தா 2012இல் எடுத்த 'அன்ராவல்' என்ற குறும்படம் அந்த ஊரின் பெண் தொழிலாளர்களைக் காட்டுகிறது. பொத்தானையும் ஜிப்பையும் அறுத்தெடுத்து, துணியைக் கிழித்து, நிறவாரியாகக் குவிக்கிறார்கள். நிறம் பிரித்துவிட்டால் மறுபடி சாயம் போடும் செலவு மிச்சம். பிறகு இயந்திரம் அதைப் பஞ்சாக்கி, மலிவான நூலாக்கி, போர்வையாக்குகிறது. பேரிடர் நிவாரணத்துக்குப் போகும் போர்வைகளில் பல அப்படி உருவானவை. இவ்வளவு புதிதாக இருப்பதை ஏன் எறிகிறார்கள் என்று அந்தப் பெண்கள் வியக்கிறார்கள். அங்கே தண்ணீர் விலை அதிகமோ, துவைக்க முடியாமல்தான் எறிகிறார்களோ என்று யோசிக்கிறார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, கம்பளியை நிறவாரியாக அடுக்கிய அலமாரியின் அழகான புகைப்படத்தை முன்போல் பார்க்க முடியவில்லை. ஒரு பெண் மன அமைதிக்காக நிறம் பிரிக்கிறாள். இன்னொருத்தி நாள்கூலிக்காக நிறம் பிரிக்கிறாள். முதலாமவள் 'விட்டுவிடுதல்' என்று சொல்வது இரண்டாமவளுக்கு வேலை நாளாக வந்து சேருகிறது. இதற்காக முதலாமவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். அவளுக்கும் நேரம் இல்லை, இவளுக்கும் நேரம் இல்லை, இருவருக்கும் இடையில் இருப்பவர்கள் விற்றுக்கொண்டே இருக்கிறார்கள் என்பதைப் பார்ப்பதுதான் பெண்ணிய விமர்சனத்தின் வேலை. கழிப்பதை ஒரு நற்பண்பாகப் போதிக்கும் எழுத்து, வாங்குவதை எங்கே நிறுத்துவது என்பதைத் தனிமனிதக் கட்டுப்பாடாகச் சுருக்கிவிட்டு, பானிப்பட்டைத் தன் பக்கங்களுக்கு வெளியே வைக்கிறது.

பின்னல் கையேடு எழுதப்போகும் தோழிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. நூலைக் கழியாகவே வையுங்கள், இறுக்கிச் சுற்றிவைத்தால் இழை நைந்துபோகும் என்று சொல்லுங்கள். சீட்டைத் தூக்கி எறியாதீர்கள், மிச்சத்தை நிறுத்து மீட்டர் கணக்கிடுங்கள், அந்துப்பூச்சி வராமல் காற்றுப்புகாத உறையில் போடுங்கள் என்று சொல்லுங்கள். அவையெல்லாம் தேவையான அறிவு. அந்தச் சீட்டில் நிறம், கனம், இழை ஆகியவற்றுக்குக் கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் விடச் சொல்லுங்கள். இது யார் பெயரில்? இதைப் பின்னும் நேரத்தில் வீட்டில் என் வேலையைச் செய்வது யார்?

என் 6.3 கிலோவில் இப்போது ஒவ்வொரு உறையிலும் அந்த இரண்டு வரிகள் இருக்கின்றன. இரண்டாவது வரியை நிரப்புவதற்கு வீட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பேச வேண்டியிருந்தது. செவ்வாய், சனி மாலைகளில் சமையல் என்னுடையது இல்லை என்று முடிவாயிற்று. வாரத்துக்கு நான்கு மணியாக இருந்தது ஏழாகியிருக்கிறது.